கிரேக்கப் பெண்களின் நாட்டுப்புற உடை ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது?

கிரேக்கப் பெண்களின் நாட்டுப்புற உடை என்பது ஒற்றை ஆடையன்று. உள்ளே நீண்ட பருத்திச் சட்டை, அதன்மேல் மேலங்கி, இடுப்பின் முன்புறம் ஒரு துணி, தலைக்கட்டு, மார்பில் நாணய மாலை என அடுக்கடுக்காக அணியும் உடைத்தொகுதி. மலைகளும் கடலும் ஊர்களைப் பிரித்து வைத்ததால், ஒவ்வொரு வட்டாரமும் கைக்குக் கிடைத்த நூலையும் தன் தட்பவெப்பத்தையும் பொறுத்துத் தனி வழக்கத்தை வளர்த்துக்கொண்டது. நிலப்பகுதியில் கம்பளியால் நெய்த, கையில்லாத, தடித்த ‘சிகூனி’ மேலங்கி பரவியது; தீவுகளில் கடல்வணிகம் கொண்டுவந்த பட்டும் சேர்ந்தது.

சீருடையைக் கண்டதும் பிள்ளை எந்தப் பள்ளி என்று நாம் சொல்லிவிடுவதைப் போல, உடையைக் கொண்டே ஒரு பெண்ணின் ஊரையும் அவள் மணமானவளா என்பதையும் அறிய முடிந்தது. ஏதென்ஸைச் சூழ்ந்த அத்திக்கா வட்டார மணப்பெண்ணின் சட்டையைக் கூர்ந்து பார்த்தால் வியப்பே மிஞ்சும்: மேலங்கிக்கு உள்ளே மறையும் பகுதி வெறுமையாக இருக்க, வெளியே தெரியும் கீழ்விளிம்பில் மட்டும் பட்டுநூல் வேலைப்பாடு துணியே தெரியாத அளவுக்கு நெருங்கியிருக்கும். மார்பில் தொங்கும் நாணயங்களோ அவளுடைய சீதனத்தையே ஊரறியக் காட்டின.

வெல்வெட் மேற்சட்டையும் குஞ்சம் வைத்த சிவப்புக் குல்லாயும் கொண்ட ‘அமாலியா’ உடையைப் பண்டைக்காலம் முதல் கிரேக்கம் முழுவதும் வழங்கிய உடை எனப் பலர் கருதுகின்றனர். உண்மையில் அது, 1837இல் கிரேக்கத்துக்கு வந்த அரசி அமாலியா, உள்ளூர் உடையையும் அன்றைய ஐரோப்பியத் தையல் பாணியையும் இணைத்து அரசவைக்கென வகுத்துக்கொண்டது.