விமானத்தைத் தண்ணீர் எப்போது விடும்?

கேள்வி: நிலத்திலும் நீரிலும் இறங்கக்கூடிய விமானம் தண்ணீரிலிருந்து மேலெழுவதைக் கம்ப்யூட்டரில் சிமுலேஷன் செய்வது ரொம்பக் கடினம் என்கிறார்களே, ஓடுபாதைக்குப் பதிலாகத் தண்ணீர், அவ்வளவுதானே வித்தியாசம்?

பதில்: அந்த வித்தியாசம்தான் எல்லாமே. தண்ணீரின் அடர்த்தி காற்றைப்போல சுமார் 800 மடங்கு. ஓடுபாதையில் வேகம் கூடக்கூட இறக்கை பாரத்தைத் தாங்கிக்கொள்ளும், சக்கரத்தின் உராய்வு குறைந்துகொண்டே வரும். தண்ணீரில் முதலில் விமானம் ஒரு படகுதான். தான் எழுப்பிய அலையின் மேல் தானே ஏற வேண்டியிருப்பதால் மூக்கு தூக்கிக்கொள்ளும், பின்னுக்கு இழுக்கும் விசை (இழுவை) ஏறிக்கொண்டே போய், மேலெழும் வேகத்தை எட்டுவதற்கு வெகு முன்பே உச்சத்தைத் தொடும். வரைபடத்தில் மாட்டுத் திமில் மாதிரி இருக்கும். இன்ஜினின் உந்துவிசை அந்தத் திமிலைத் தாண்டவில்லை என்றால் எவ்வளவு தூரம் ஓடினாலும் பறக்க முடியாது. தாண்டிவிட்டால் அடிப்பகுதி நீர்ப்பரப்பின் மேல் வழுக்க ஆரம்பிக்கும். அடியில் படி மாதிரி ஒரு வெட்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இல்லாவிட்டால் தண்ணீர் பின்பக்க வளைவில் ஒட்டிக்கொண்டு விமானத்தைக் கீழே இழுத்துப் பிடிக்கும்.

சரி, சிமுலேஷனுக்கு வருவோம். மூக்கின் கோணம் மாறினால் நீரின் விசை மாறும், விசை மாறினால் கோணம் மறுபடி மாறும், இதற்கு நடுவே இறக்கை வேறு பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டிருக்கும். அதனால் விமானத்தை ஏறி இறங்கவும் மூக்கை ஆட்டவும் விட்டு, கணத்துக்குக் கணம் கணக்கிட வேண்டும். கோணம் வரம்பு மீறினால் டால்பின் மாதிரி குதிக்கத் தொடங்கும், அது ஆபத்து. நீர்ப்பரப்பு எங்கே என்று கண்டுபிடிக்க, இடத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பங்கு தண்ணீர் என்று கணக்கு வைக்கும் முறையைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். ஹர்ட், நிக்கல்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1981-இல் வெளியிட்டது. இதில் ஒரு பொறி உண்டு: கட்டங்கள் பெரிதாக இருந்தால் அடிப்பகுதிக்குக் கீழே பொய்யாகக் காற்று கலந்து, உராய்வு குறைவாகத் தெரியும். விடை பார்க்க அழகாகவே இருக்கும், ஆனால் தப்பு.

விமானத்தின் சிறு மாதிரி ஒன்றைச் செய்து நீர்த்தொட்டியில் இழுத்துப் பார்த்தால் போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். இழுக்கத்தான் வேண்டும், சிமுலேஷனைச் சரிபார்க்க வேறு நல்ல வழி இல்லை. ஆனால் பத்தில் ஒரு பங்கு மாதிரியை, கப்பல் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட் சொன்ன விதிப்படி, வேகத்தை 3.16-ஆல் வகுத்து இழுத்தால் அலை பொருந்தும், உராய்வு பொருந்தாது. முழு அளவில் இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடிவது கம்ப்யூட்டரில்தான்.