வைரஸைக் கண்டறிந்தவர் இவானோவ்ஸ்கியா, பெய்யரிங்கா?

இருவரில் பெய்யரிங்குக்கே முதலிடம் தருவேன். 1892இல் ரஷ்யாவின் திமித்ரி இவானோவ்ஸ்கி, தேமல் நோயுற்ற புகையிலை இலைச் சாறு, பாக்டீரியாக்களைத் தடுக்கும் பீங்கான் வடிகட்டியைக் கடந்த பின்னும் நோயைப் பரப்புவதைக் கண்டார். அது பெரிய கண்டுபிடிப்புதான் என்றாலும், பாக்டீரியாவின் நச்சோ, மிக நுண்ணிய பாக்டீரியாவோதான் காரணம் என்று அவர் கருதினார்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பணியாற்றிய மார்ட்டினஸ் பெய்யரிங்க், 1898இல் அதே முடிவைத் தனியாகக் கண்டடைந்து, அதற்கு அப்பாலும் சிந்தித்தார். வடித்த சாற்றைச் செடிவிட்டுச் செடியாக மாற்றியபோதும் அதன் வீரியம் குன்றாததால் அது வெறும் நச்சாக இருக்க முடியாது என்றும், பிரிந்து வளரும் உயிருள்ள செல்களில் மட்டுமே அது பெருகுகிறது என்றும் விளக்கி, அதனை வைரஸ் என்றே குறிப்பிட்டார். அதை உயிருள்ள திரவம் என்று அவர் எண்ணியது மட்டும் பிழை. 1935இல் அமெரிக்க வேதியியலாளர் வெண்டெல் ஸ்டான்லி அதே வைரஸைப் படிகமாகப் பிரித்தெடுத்தபோது, அது திரவமல்ல என்பது தெரிந்தது.