ஒரு பூவுக்கு அபராதமா?

கேள்வி: போரில் இறந்த வீரர்களின் நினைவாகச் சிவப்புப் பாப்பிப் பூவை அணிந்து ஆடியதற்காக இங்கிலாந்து கால்பந்து அணிக்கு ஃபிஃபா அபராதம் போட்டதாகப் படித்தேன். தோனியின் கையுறையில் இருந்த ராணுவச் சின்னத்தையும் ஐசிசி எடுக்கச் சொன்னது. இறந்தவர்களை நினைப்பதில் என்ன அரசியல் இருக்கிறது? நாட்டுக்காக ஆடுகிறவன், நாட்டுக்காக உயிர்விட்டவனை நினைக்கக் கூடாதா?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: தாராளமாக நினைக்கலாம். ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு சின்னச் சொல் விடுபட்டிருக்கிறது: யாரை? இந்தச் சண்டை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2016 நவம்பர் 11, முதல் உலகப் போர் ஓய்ந்த நாளின் நினைவு தினம். அன்றைக்கு லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் உலகக் கோப்பைத் தகுதிப் போட்டி. பூச் சின்னத்தோடு ஆட அனுமதி கேட்டார்கள். அரசியல் சின்னங்களுக்கு இடமில்லை என்று ஃபிஃபா மறுத்தது. பிரதமர் தெரசா மே நாடாளுமன்றத்திலேயே கொதித்தார். எங்களுக்குப் பாடம் எடுக்கும் முன் ஃபிஃபா தன் வீட்டை ஒழுங்குபடுத்தட்டும் என்றார். இரண்டு அணிகளும் பூ பதித்த கறுப்புப் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு இறங்கின. இங்கிலாந்து 3-0 என்று ஜெயித்தது. அடுத்த மாதம் அபராதச் சீட்டு வந்தது: இங்கிலாந்துக்கு 45,000 சுவிஸ் ஃபிராங்க், ஸ்காட்லாந்துக்கு 20,000. அதே சமயத்தில் வேறு ஆட்டங்களில் இறங்கிய வேல்ஸ், வட அயர்லாந்து சங்கங்களும் தப்பவில்லை. வேல்ஸ் வீரர்கள் கட்டியிருந்தது வெறும் கறுப்புப் பட்டை. பார்வையாளர் வரிசையில் தெரிந்த பூவுக்காக அவர்களுக்கு 20,000!

இந்த அபராதத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். 2011ல் இங்கிலாந்து-ஸ்பெயின் ஆட்டத்துக்கு முன்னும் இதே தகராறுதான். பிரதமர் கேமரூன் கடிதம் எழுதினார், இளவரசர் வில்லியம் எழுதினார், வலதுசாரி அமைப்பு ஒன்றின் ஆட்கள் இரண்டு பேர் சூரிச்சில் ஃபிஃபா தலைமையகக் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். கடைசியில் சட்டையில் வேண்டாம், கைப்பட்டையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஃபிஃபாவே சமரசம் செய்தது. 2011ல் ஒப்புக்கொண்ட அதே பட்டைக்கு 2016ல் அபராதம் போட்டால் அதற்கு விதி என்று பெயரா? ஃபிஃபாவின் யோக்கியதைக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்தப் பூ. நம் சமையலறைக் கசகசாவின் தூரத்துச் சொந்தம் அது. பெல்ஜியத்திலும் பிரான்சிலும் குண்டு விழுந்து புரண்ட மண்ணில் சிவப்பாகப் பூத்துக் கிடந்தது. கனடா ராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே 1915ல் அதைக் கவிதையாக்கினார். 1921ல் பிரிட்டிஷ் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் அமைப்பு செயற்கைப் பூ விற்றுப் பணம் திரட்ட ஆரம்பித்தது. கால் இழந்தவனுக்கும் வேலை இல்லாதவனுக்கும் அந்தப் பணம் போயிற்று. இதில் யாரும் குறை சொல்ல முடியாது. அந்தப் போரில் நம்மவர்களும் செத்திருக்கிறார்கள். பிரிக்கப்படாத இந்தியாவிலிருந்து 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், 74,000 பேர் வரை திரும்பவில்லை. சென்னைக் கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னத்தைக் கடந்து தினமும் பஸ்ஸில் போகிறோம். எத்தனை பேர் திரும்பிப் பார்க்கிறோம் என்பது வேறு விஷயம்.

பிரச்சினை எங்கே என்றால், அந்தப் பூ 1918ஓடு நின்றுவிடவில்லை. பிற்பாடு பிரிட்டிஷ் ராணுவம் இறங்கிய எல்லாச் சண்டைகளின் வீரர்களுக்கும் அதுவே அடையாளமாயிற்று. பிரிட்டனின் கீழ் இருக்கும் வட அயர்லாந்தும் அதில் உண்டு.

ஜேம்ஸ் மெக்லீன் என்று ஒரு ஆட்டக்காரர். அந்த வட அயர்லாந்தில் டெர்ரி நகரின் கிரெகன் குடியிருப்பில் வளர்ந்தவர், அயர்லாந்து தேசிய அணிக்கு ஆடியவர். 1972 ஜனவரி 30 அன்று டெர்ரியில் உரிமை கேட்டு ஊர்வலம் போனவர்கள்மீது பிரிட்டிஷ் பாராசூட் படை சுட்டது. அன்றே 13 பேர் இறந்தார்கள், பிறகு இன்னொருவர். அவர்களில் ஆறு பேர் இந்தக் கிரெகன்காரர்கள். சுடப்பட்டவர்கள் குற்றமற்றவர்கள் என்று விசாரணை அறிக்கை சொல்ல 2010 ஆயிற்று. அதன்பிறகுதான் கேமரூன் மன்னிப்புக் கேட்டார். மெக்லீன் 2012ல் சண்டர்லாந்து கிளப்பில் இருந்தபோது பூ வைத்த சட்டையைப் போட மறுத்தார். 2014ல் விகன் கிளப்பின் முதலாளிக்குக் கடிதம் எழுதிக் காரணமும் சொன்னார்: இரண்டு உலகப் போர்களில் இறந்தவர்களுக்கு மட்டும் என்றால் வருஷம் முழுக்க அணிவேன், என் ஊரில் நடந்ததற்குப் பிறகு இந்தப் பூவை அணிந்தால் எங்கள் ஊர்ச் சாவுகளை அவமதித்ததாகும் என்று. இதைவிட மரியாதையாக ஒருவர் மறுக்க முடியுமா? கிடைத்தது என்ன? மைதானம் மைதானமாக ஊளைச் சத்தம், கொலை மிரட்டல்.

2018ல் மான்செஸ்டர் யுனைடெட் அணியின் நெமான்யா மாட்டிச்சும் அணியவில்லை. செர்பியர். 1999ல் நேட்டோ விமானங்கள் குண்டு போட்டபோது கிராமத்தில் பயந்து கிடந்த சிறுவன் அவர். அந்த விமானங்களில் பிரிட்டன் விமானங்களும் இருந்தன. மற்றவர்கள் அணிவதை மதிக்கிறேன், எனக்கு வேறு நினைவு வருகிறது என்றார். அவ்வளவுதான்.

ஆக, துக்கம் அனுஷ்டிக்கும் பூ எப்போது அரசியலாகிறது? வேண்டாம் என்று சொல்கிறவனை மிரட்டும்போது. இதை வெளியாள் சொன்னால்தான் கோபம் வரும். பிரிட்டனின் சேனல் 4 செய்தி வாசிப்பாளர் ஜான் ஸ்னோவே, திரையில் பூ குத்தவில்லை என்று தன்னைத் திட்டியவர்களைப் பார்த்து 2006ல் "பாப்பி ஃபாசிசம்" என்று சொல்லியிருக்கிறார்.

இது ஐரோப்பியர் வீட்டு விவகாரம் என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் இலங்கையில் 1930களிலேயே இந்தப் பூவுக்கு எதிர்ப்பூ விற்றிருக்கிறார்கள். நவம்பர் 11 அன்று கொழும்பில் பாப்பி விற்ற காசில் பெரும்பங்கு பிரிட்டனுக்குப் போய்விடும். உள்ளூர் முன்னாள் சிப்பாய்க்குக் கொஞ்சம்தான். இதென்ன நியாயம் என்று அதே நாளில் மஞ்சள் பூவரசம் பூவை விற்க ஆரம்பித்தார்கள். சூரிய மல் இயக்கம் என்று பெயர். சீக்கிரமே இடதுசாரி இளைஞர்கள் கையில் அது ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக மாறியது. 1935ல் பிறந்த லங்கா சமசமாஜக் கட்சிக்கு அடித்தளம் போட்டவர்கள் அந்தப் பூ விற்றவர்கள்தான். பாப்பியில் அரசியலே இல்லை என்று அவர்களிடம் போய்ச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

தொன்றுதொட்டு வரும் மரபு என்கிறார்களே, அதையும் பார்த்துவிடலாம். 1987ல் இதே நவம்பர் 11 அன்று இங்கிலாந்து அணி பெல்கிரேடில் யூகோஸ்லாவியாவை 4-1 என்று வென்றது. சட்டையில் பூ இல்லை. 1999 நவம்பரில் ஸ்காட்லாந்தோடு மோதியபோதும் இல்லை. உலகப் போரை நேரில் பார்த்தவர்கள் நிறையப் பேர் உயிரோடு இருந்த காலத்தில் தேவைப்படாத பூ, அவர்கள் போன பிறகு கட்டாயமாகிவிட்டது. சட்டையில் பூ பதிப்பது கிளப்புகளிலேயே இந்த நூற்றாண்டில் பரவிய பழக்கம்தான்.

அதே 2016 மார்ச்சில் சுவிட்சர்லாந்துடனான நட்பு ஆட்டத்தில் அயர்லாந்து அணி ஒரு சின்னம் அணிந்தது. டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக 1916ல் நடந்த ஈஸ்டர் எழுச்சியின் நூற்றாண்டு அது. அவர்களுக்கும் தியாகிகள்தானே? பாப்பித் தகராறு வந்ததும், அயர்லாந்துக்கு மட்டும் ஏன் விட்டுக்கொடுத்தீர்கள் என்ற கேள்வி கிளம்பியது. அவர்களுக்கும் 5,000 ஃபிராங்க் அபராதம் விழுந்தது. பிரிட்டிஷ் படை சுட்டுக்கொன்ற அந்த எழுச்சித் தலைவர்களுக்கு அணிந்தால் அரசியல், பிரிட்டிஷ் படைக்கு அணிந்தால் வெறும் நினைவு என்று டப்ளின்காரனிடம் எந்த முகத்தோடு சொல்வது? இரண்டையும் அனுமதி, அல்லது இரண்டையும் தடு. என் கட்சி அதுதான்.

சரி, ஃபிஃபா. தெரசா மே சொன்னதில் பாதி உண்மை. 2015ல் சூரிச் ஹோட்டலில் அதன் நிர்வாகிகளைப் போலீஸ் ஊழல் வழக்கில் அள்ளிக்கொண்டு போனது. 2022ல் கத்தாரில் பாகுபாட்டுக்கு எதிரான வானவில் கைப்பட்டை கட்டினால் மஞ்சள் அட்டை என்று கேப்டன்களை மிரட்டியது. அரசியல் கூடாது என்ற இதே அமைப்பின் தலைவர் இன்ஃபான்டினோ, 2025 டிசம்பரில் அமைதிப் பரிசு ஒன்றைப் புதிதாக உண்டாக்கி டிரம்ப்புக்கு மெடல் கொடுத்தார். விதி நல்ல விதி. அதைக் காவல் காக்க இவர்களைவிட மோசமான ஆள் கிடைக்க மாட்டார்கள்.

2017ல் விதியைத் தளர்த்தினார்கள். முக்கியமான தேசிய, சர்வதேச நிகழ்வுகளை நினைவுகூரலாம். ஆனால் எதிரணி, அதன் ரசிகர்கள், பொதுமக்கள் ஆகியோரின் உணர்வையும் யோசிக்க வேண்டும் என்று வந்தது. அந்த நவம்பரிலேயே வெம்ப்ளியில் இங்கிலாந்தும் ஜெர்மனியும் பூப்பட்டை கட்டி ஆடின. ஆமாம், ஜெர்மனியும்தான். எதிரில் நிற்பவனைக் கேட்டுவிட்டுச் செய்தால் எத்தனை சுலபமாக முடிகிறது பாருங்கள். சம்மதம் கிடைக்காத இடத்தில் என்ன செய்வது என்பதற்கு இந்த விதியிலும் நல்ல பதில் இல்லை.

இப்போது தோனி. 2019 உலகக் கோப்பையில் கையுறையில் பாரா சிறப்புப் படையின் சின்னம் இருந்தது. தனிப்பட்ட சின்னத்துக்கு விதியில் இடமில்லை என்றது ஐசிசி. அவர் அடுத்த ஆட்டத்தில் எடுத்துவிட்டார். அதற்கு மூன்று மாதம் முன்பு ராஞ்சியில் புல்வாமாவில் இறந்த வீரர்களுக்காக மொத்த இந்திய அணியும் ராணுவத் தொப்பி அணிந்து ஆடியதே, அதற்கு ஐசிசி அனுமதி தந்திருந்தது. பாகிஸ்தான் கூச்சல் போட்டது. நாம் அதைக் காதில் வாங்கவில்லை. பாகிஸ்தான் அணி தன் ராணுவத் தொப்பியோடு இறங்கியிருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியை இதே சொற்களில் எழுதியிருப்பீர்களா?

இன்னொன்றும் இருக்கிறது. 2014ல் சவுதாம்ப்டனில் இந்தியாவுக்கு எதிரான டெஸ்டில் இங்கிலாந்தின் மொயீன் அலி, காசாவைக் காப்பாற்றுங்கள் என்று எழுதிய கைப்பட்டையோடு ஆடினார். பிற்பாடு மஞ்சள் சட்டையில் நாம் கைதட்டிய அதே மொயீன்தான். ஐசிசி நடுவர் டேவிட் பூன் கழற்றச் சொன்னார், கழற்றினார். அதே டெஸ்டில் இங்கிலாந்து வீரர்களின் சட்டையில் போரில் காயமடைந்த பிரிட்டிஷ் படைவீரர்களுக்கான ஒரு அறக்கட்டளையின் சின்னம் இருந்தது. அதை யாரும் கழற்றச் சொல்லவில்லை.