போனைத் தொடத் தயங்குபவர்களுக்கு ஆன்லைன் வகுப்பு: கேள்வி பதில்

பெரியவர்களுக்கான கைத்தொழில் வகுப்புகளைப் போன் வழியாக நடத்தப் பாடம் அமைத்துக் கொடுப்பது என் வேலை. தையல், ஆரி வேலை, கடைக்கணக்கு, இந்த மாதிரி. படிக்க வருபவர்கள் பெரும்பாலும் 40 வயதைத் தாண்டிய பெண்கள். வாட்ஸ்அப்பில் பேரன் படம் பார்ப்பார்கள். அதைத் தாண்டி எதையாவது அழுத்தினால் பணம் போய்விடுமோ என்று பயப்படுவார்கள். ஊரில் நடக்கிற மோசடிகளைப் பார்த்தால் அந்தப் பயம் நியாயம்தான். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் பற்றிய கேள்விக்கு நான் சரியான ஆள் இல்லை.

மதுரை, தையல் ஆசிரியை: அக்கா, கடையில் வைத்து நேரில் சொல்லிக்கொடுத்ததை இப்போது ஆன்லைனில் எடுக்கலாம் என்று இருக்கிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது?

அளவெடுப்பதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். உங்கள் மாணவி முதல் பாடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எத்தனை முறை திரையைத் தொட வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். லிங்கைத் தொட வேண்டும், ஆப் இறக்க வேண்டும், கேமரா அனுமதி, மைக் அனுமதி, மெயில் ஐடி, ஓடிபி, புதுப் பாஸ்வேர்டு. இதில் ஒவ்வொரு படியிலும் ஒருத்தர் இரண்டு பேர் நின்றுவிடுவார்கள். நின்றவர் உங்களிடம் சொல்லவும் மாட்டார். "வீட்டில் வேலை அதிகம் மேடம், அடுத்த பேட்ச்சில் வருகிறேன்" என்பார். பாடம் கஷ்டமாக இருந்து விலகியவர்களைவிட இப்படி வாசலிலேயே திரும்பியவர்கள்தான் அதிகம்.

அதனால் முதல் வாரம் தையல் வேண்டாம். அவர் ஏற்கெனவே பழகிய வாட்ஸ்அப்பிலேயே மூன்றே வேலை கொடுங்கள். நீங்கள் அனுப்பும் குரல் பதிவைக் கேட்க வேண்டும். பதிலுக்குத் தன் பெயரையும் ஊரையும் குரலில் சொல்ல வேண்டும். கையில் இருக்கும் டம்ளரையோ கரண்டியையோ படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஓரிரு விநாடிக் குரல் பதிவுகள் வரிசையாக வந்து விழும். பேசி முடிக்கும் வரை மைக் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும் என்பது தெரியாமல் பாதியிலேயே விரலை எடுப்பதால் வருவது அது. அழுத்தியபடி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், பிறகு விரலை எடுத்துவிட்டே பேசலாம் என்று காட்டிக் கொடுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி வகுப்பு நடந்த மாதிரி.

அப்புறம், புதுப் பாஸ்வேர்டு எதுவும் உருவாக்கச் சொல்லாதீர்கள். இதை இன்றைக்கு இன்னும் பல தடவை சொல்வேன்.

திருச்சி: எந்த ஆப் நல்லது மேடம்?

அவர்கள் போனில் ஏற்கெனவே இருக்கிற ஆப்.

திருநெல்வேலி, கணக்கு வகுப்பு நடத்துபவர்: ஜூமில் வகுப்பு எடுக்கிறேன். பாதிப் பேர் "சத்தமே கேட்கவில்லை" என்கிறார்கள். நெட் பிரச்சினையா?

நெட் பிரச்சினை இல்லை சார். போனில் ஜூமுக்குள் வந்ததும் ஆடியோவை எதன் வழியாக இணைப்பது என்று ஒரு பெட்டி வரும். வைஃபை அல்லது மொபைல் டேட்டா என்று இருக்கும் அந்த வரியைத் தொட்டால்தான் சத்தம் வரும். பெட்டி மறைக்கிறதே என்று பலர் அதை மூடிவிடுவார்கள். பிறகு நீங்கள் வாயசைப்பது மட்டும் தெரியும். இன்னொன்று, காத்திருப்பு அறை. "நடத்துபவர் உங்களை உள்ளே அனுமதிப்பார்" என்ற வாசகம் ஆங்கிலத்தில் வந்ததும், தப்பான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று வெளியே போய்விடுவார்கள். தெரிந்தவர்கள் மட்டுமே வரும் வகுப்பு என்றால் அதை அணைத்துவிடுங்கள். மீட்டிங் எண்ணையும் கடவுச்சொல்லையும் தனியாக அனுப்பாமல், கடவுச்சொல் உள்ளடங்கிய லிங்கை அனுப்புங்கள். தொட்டதும் திறக்கும்.

இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும். மறுபடி உள்ளே வாருங்கள் என்றால் இவர்களில் சிலர் வரமாட்டார்கள். 35 நிமிடத்தில் முடிகிற மாதிரி பாடத்தை வெட்டுங்கள்.

சேலம்: வீடியோ 6 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறார்களே, உண்மையா?

அந்த 6 நிமிடம் 2014-ல் வந்த ஓர் ஆய்விலிருந்து வருகிறது. பிலிப் குவோ என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் எட்எக்ஸ் என்ற ஆன்லைன் கல்வித் தளத்தின் வகுப்புகளை வைத்துச் செய்தது. ஒரு வீடியோவை மக்கள் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதைத்தான் முக்கியமாக அளந்தார்கள், என்ன கற்றார்கள் என்பதை அல்ல. அதுவும் தானாகத் தேடி வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து படிக்கிறவர்கள். நம் ஆட்களுக்கு நிமிடக் கணக்கு போடாதீர்கள், கைவேலைக் கணக்கு போடுங்கள். கழுத்து வெட்டுவது ஒரு வீடியோ, பட்டி வைப்பது ஒரு வீடியோ. மாணவி அதை நிறுத்திவிட்டுத் துணியைக் கையில் எடுக்கும் இடம் எதுவோ, அங்கே உங்கள் வீடியோ முடிய வேண்டும். அது 2 நிமிடமாக இருந்தாலும் சரி, 9 நிமிடமாக இருந்தாலும் சரி.

போனில் செய்யும் வேலையைக் காட்டுகிறீர்கள் என்றால் கம்ப்யூட்டர் திரையைப் பதிவு செய்யாதீர்கள். ஆண்ட்ராய்டு போனிலேயே பதிவு செய்யுங்கள். விரல் படும் இடத்தில் புள்ளி தெரியும்படி வைக்க ஒரு வசதி இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பதிவுக்கு முன் அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் வங்கி மெசேஜையும் வகுப்பே பார்க்கும்.

விழுப்புரம்: தமிழில் நோட்ஸ் அடித்து வேர்டு ஃபைலாக அனுப்பினேன். கட்டம் கட்டமாக, கிறுக்கலாகத் தெரிகிறதாம்.

வானவில் மாதிரி பழைய எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். அந்த எழுத்துரு அவர்கள் போனில் இல்லை. எல்லாப் போனிலும் தெரிகிற யுனிகோடு எழுத்தில் அடியுங்கள். அடித்து முடித்தவை என்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். இன்னும் சுலபம், ஒரு பக்கத்தைப் பெரிய எழுத்தில் படமாகவே அனுப்புவது. பிடிஎஃப்பைத் திறக்கத் தெரியாதவருக்கும் படத்தைத் திறக்கத் தெரியும்.

ஈரோடு: எந்த பிளாட்ஃபார்ம் வாங்கலாம்?

திருச்சிக்காரருக்குச் சொன்னதுதான்.

கும்பகோணம்: கூகுள் ஃபார்மில் பரீட்சை வைத்தேன். பாஸ்வேர்டு கேட்கிறது என்று 20 பேர் விட்டுவிட்டார்கள். நான் பாஸ்வேர்டே வைக்கவில்லையே?

நீங்கள் வைக்கவில்லை, ஆனால் அமைப்பில் ஒருவர் ஒருமுறைதான் பதிலளிக்கலாம் என்று போட்டிருப்பீர்கள். அதைப் போட்டால் கூகுள் கணக்கில் உள்ளே வரச் சொல்லும். படமோ ஃபைலோ ஏற்றச் சொல்லும் கேள்வி வைத்தாலும் அப்படித்தான். அவர் கணக்கு கடைக்காரப் பையன் போன் வாங்கிய அன்றைக்குத் தொடங்கிக் கொடுத்தது, பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஒருவரே இரண்டு தடவை அனுப்பினால் கடைசியாக வந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். வேலைப்பாட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூர், கல்லூரி விரிவுரையாளர்: மேடம், குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நீங்கள் சொல்வது எல்லாம் ஊட்டிவிடுகிற வேலை. வங்கி, ரேஷன், பஸ் டிக்கெட் எல்லாமே போனில் வந்துவிட்டது. வாட்ஸ்அப்பிலேயே வைத்திருந்தால் அவர்கள் எப்போது முன்னேறுவார்கள்? ஆன்லைன் வகுப்பு நடத்துவதற்கென்றே உள்ள மூடுல் மென்பொருள் 2002-லிருந்து இருக்கிறது, இலவசம், தமிழில் மெனு வைக்கலாம், ஆப்பில் பாடத்தை இறக்கி வைத்து நெட் இல்லாமலும் படிக்கலாம். மதிப்பெண், வருகை எல்லாம் ஒரே இடத்தில்.

மூடுலை நான் குறை சொல்லவில்லை சார். நல்ல மென்பொருள். நெட் இல்லாமல் படிக்கும் வசதி நிஜமாகவே பெரிய விஷயம். ஆனால் மதிப்பெண்ணும் வருகையும் ஒரே இடத்தில் இருப்பது உங்களுக்கு வசதி. அந்த வசதிக்கான விலையை மாணவி கொடுக்கிறார், தள முகவரி, பயனர் பெயர், பாஸ்வேர்டு என்று. உங்கள் கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதற்காக அவர் தடுமாற வேண்டுமா?

அதே விரிவுரையாளர்: பாஸ்வேர்டு தேவையில்லை. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் ஆப் தானாக உள்ளே போய்விடும்.

அந்தக் க்யூஆர் கோடு எங்கே தெரியும்? வேறொரு திரையில், ஏற்கெனவே உள்ளே நுழைந்திருக்கும் அவருடைய பக்கத்தில். வீட்டில் இருப்பதோ ஒரே போன். அந்தப் போனின் திரையை அந்தப் போனின் கேமராவால் எப்படி எடுப்பது?

முன்னேற்றம் பற்றிக் கேட்டீர்கள், அதற்கு வருகிறேன். கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1988-ல் எழுதியதிலிருந்து கல்வித் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் விஷயம் ஒன்று இருக்கிறது. மனதில் ஒரே நேரத்தில் வைத்துக் கையாளக்கூடியது கொஞ்சம்தான். அதில் பெரும்பகுதியை "இப்போ எதைத் தொடணும்" பிடித்துக்கொண்டால், ஜாக்கெட் கைக்குழியின் அளவை நினைவில் வைக்க இடம் இருக்காது. நான் போனைக் கற்றுக்கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பாடத்துக்குத் தேவை வரும் நாளில், ஒரு வாரத்துக்கு ஒன்று என்று கற்றுக்கொடுங்கள் என்கிறேன். ஜாக்கெட்டில் சுருக்கம் எங்கே விழுகிறது என்று டீச்சரிடம் காட்ட வேண்டும் என்றால் படத்தின் மேல் வட்டம் போடக் கற்றுக்கொள்வார். காரணம் கையிலேயே இருக்கிறது, யாரும் தள்ள வேண்டாம்.

தஞ்சாவூர், 58 வயது மாணவி: நான் ஒன்று சொல்லலாமா? எங்களைப் பற்றி எங்கள் முன்னாலேயே பேசுகிறீர்கள். எனக்குக் கற்றுக்கொள்ள ஆசைதான். டீச்சர் ஒவ்வொரு தடவையும் "உங்களுக்குக் கஷ்டமா இருந்தா விடுங்கம்மா" என்பதுதான் பிடிக்கவில்லை. நான் கஷ்டம் என்று சொல்லவே இல்லை.

இந்தச் சண்டையில் உருப்படியாக வந்த பேச்சு இதுதான் அம்மா. ஆசிரியர்கள் எல்லோரும் கவனியுங்கள். "விடுங்கம்மா" என்பது கரிசனம் மாதிரி இருக்கும், கேட்பவருக்குக் கதவைச் சாத்துவது மாதிரி விழும். சுலபமாக்க வேண்டியது வழியை, பாடத்தை அல்ல. ஆளிடம் எதிர்பார்ப்பதைக் குறைக்கவே கூடாது.

கோயம்புத்தூர் விரிவுரையாளர்: அம்மா சொல்வது என் பக்கம்தானே?

பாதி உங்கள் பக்கம் சார். மீதிப் பாதியை அவரே சொல்லட்டும். அம்மா, மூடுல் மாதிரி ஒன்றில் சேரச் சொன்னார்களா உங்களை?

தஞ்சாவூர் மாணவி: ஏதோ ஒன்றில் சேரச் சொன்னார்கள். பையன்தான் பதிந்து கொடுத்தான். அவன் பெங்களூர் போனதும் திறக்க முடியவில்லை. பிறகு அந்த வகுப்புக்குப் போகவில்லை.

நாகர்கோவில்: அப்படியென்றால் டிவிதானே நல்லது? கல்வித் தொலைக்காட்சியில் யாரும் எதுவும் கேட்பதில்லை.

2019-ல் தொடங்கிய அந்த அலைவரிசை 2020 ஊரடங்கில் கை கொடுத்தது உண்மை. டிவியைப் போடத் தெரியாத வீடு கிடையாது. ஆனால் டிவியிடம் திருப்பிக் கேட்க முடியாது. உங்கள் மாணவி வெட்டிய துணி சரியா தப்பா என்று அது சொல்லாது. ஆன்லைன் வகுப்பில் உயிர் இருப்பதே அந்தத் திரும்பி வரும் பதிலில்தான். வழியை எளிதாக்கிவிட்டு மிச்சமாகும் நேரத்தைப் படம் பார்த்துத் திருத்துவதில் போடுங்கள்.

சரி, இந்த வாதம் இங்கே போதும். மற்ற கேள்விகள் நிற்கின்றன.

கடலூர்: மாணவிகளின் பிள்ளைகளே எல்லாம் செய்து அனுப்புகிறார்கள். தடுப்பதா?

தடுக்காதீர்கள், முறைப்படுத்துங்கள். முதல் வாரத்தில் வீட்டிலிருக்கும் பிள்ளையிடமே பேசுங்கள்: "சொல்லிக்கொடு, போனைக் கையில் வாங்காதே. தொடுகிற விரல் அம்மாவுடையதாக இருக்கணும்." பிள்ளைகள் பொறுமையில்லாமல் பிடுங்கிச் செய்துவிடுவார்கள், அங்கேதான் சிக்கல்.

ராமநாதபுரம்: காலை 11 மணிக்கு நேரலை வகுப்பு. ஆள் வருவதே இல்லை.

போன் யாரிடம் இருக்கிறது என்று கேட்டீர்களா? பல வீடுகளில் 11 மணிக்கு அது கணவரோடு வேலைக்குப் போயிருக்கும். பாடத்தைப் பதிவாக அனுப்புங்கள். நேரலையை வாரம் ஒருமுறை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, சந்தேகத்துக்கு மட்டும் வையுங்கள்.

வேலூர்: ஸ்மார்ட் போர்டு எது நல்லது?

என் துறை இல்லை.

திண்டுக்கல்: எந்த ஆப் என்று பெயராகச் சொல்லுங்கள் மேடம்.

வாட்ஸ்அப். பெயர் சொல்லிவிட்டேன். மறுபடி கேட்பவர்களுக்குப் பதில் வராது. புதுப் பாஸ்வேர்டும் கிடையாது.

காஞ்சிபுரம்: வாட்ஸ்அப் குழுவில் 90 பெண்கள். ஒரு மாணவிக்கு யாரோ இரவில் மெசேஜ் அனுப்புகிறாராம். குழுவிலிருந்து நம்பர் போயிருக்கிறது.

இந்தக் கேள்வி முதலிலேயே வந்திருக்க வேண்டும். சாதாரணக் குழுவில் சேர்த்தால் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். மாணவியின் போனை வீட்டில் யார் யார் எடுக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. முன்பின் தெரியாதவர்களை இப்படிச் சேர்க்கவே கூடாது.

வாட்ஸ்அப்பில் கம்யூனிட்டி என்று ஒன்று இருக்கிறது. அதன் அறிவிப்புக் குழுவில் அட்மின்கள் மட்டும்தான் பதிவிட முடியும். உறுப்பினர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது. பாடத்தை அதில் போடுங்கள், பதிலை ஒவ்வொருவரும் உங்களுக்குத் தனியாக அனுப்பட்டும். ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலும் வைக்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்குத்தான் அது போகும், ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான். அதனால் முதல் வார வேலைகளோடு "டீச்சர் எண்ணைச் சேமிப்பது" என்பதையும் சேர்த்துவிடுங்கள். அந்த மாணவியிடம் அந்த எண்ணைத் தடுக்க இன்றைக்கே சொல்லிக்கொடுங்கள். மெசேஜ்களை அழிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள், புகார் கொடுக்கும்போது அவை வேண்டும். 1930 என்ற சைபர் குற்ற எண் பணமோசடிக்கானது, இந்த மாதிரித் தொல்லைக்குப் பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது.

சிவகாசி: போனில் இடமே இல்லை என்று வீடியோவை இறக்க மறுக்கிறார்கள்.

காலை வணக்கப் படங்களும் உறவினர் குழு வீடியோக்களும் தானாக இறங்கி நிரப்பியிருக்கும். வாட்ஸ்அப் அமைப்புகளில் சேமிப்பகமும் தரவும் என்ற பகுதியில் தானாக இறங்குவதை நிறுத்தச் சொல்லிக்கொடுங்கள். பெரிய ஃபைல்களைத் தனியாக வரிசைப்படுத்திக் காட்டும் இடமும் அங்கேயே இருக்கிறது. அழிக்கும் முன் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், பேத்தியின் காதுகுத்து வீடியோ போய்விட்டால் உங்கள் வகுப்புக்கு அப்புறம் வரமாட்டார்.