வாசகர் கேள்வி பதில்: ஆள் ஏறும் முன் என்ன சோதனை?

கேள்வி (தக்கலை மாணவி): தனியார் கம்பெனி கட்டும் விண்கலத்தில் மனிதர் ஏறும் முன் எந்தெந்தச் சோதனைகள் கட்டாயம்?

பதில்: ஏறுவது யார் என்பதைப் பொறுத்தது. நாசா தன் வீரர்களை அனுப்புவதென்றால், 210 நாள் பயணத்தில் உயிரிழப்பு வாய்ப்பு 270-ல் ஒன்றைத் தாண்டக் கூடாது என்கிறது. கணக்கு காட்டினால் போதாது. ஆளில்லாப் பறத்தல், அவசரத் தப்பிப்பு, பாராசூட் என ஒவ்வொன்றையும் செய்து காட்ட வேண்டும்.

காசு கொடுத்து ஏறும் பயணி என்றால் நிலைமை வேறு. அவர் பாதுகாப்புக்குப் புது விதி வகுக்க, அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.வுக்கு 2028 ஜனவரி 1 வரை பெருமளவு தடை இருக்கிறது. இப்போதுள்ள விதிப்படி, கலத்தையும் மென்பொருளையும் முன்பே ஒருமுறை பறக்கவிட்டுச் சரிபார்த்திருக்க வேண்டும். ஆபத்தை அறிந்தேன் என்று பயணி கையெழுத்திட வேண்டும். இது போதாது என்றே நினைக்கிறோம்.

ஏன் என்பதற்கு 2019 ஏப்ரல் 20 சாட்சி. அதற்கு முந்தைய மாதம்தான் ஸ்பேஸ்எக்ஸின் க்ரூ டிராகன் ஆளில்லாமல் விண்வெளி நிலையம் போய்ப் பத்திரமாகத் திரும்பியிருந்தது. அதே கலம் தரைச் சோதனையில் வெடித்தது. நம் கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு கசிந்தால் குழாய்த் தண்ணீர் திரும்பக் கிணற்றுக்கே இறங்கிவிடும் அல்லவா? அங்கேயும் அப்படி ஒரு ஒருவழி வால்வு கசிந்து, எரிபொருளை எரியவைக்கும் நைட்ரஜன் டெட்ராக்சைடு என்ற திரவம் கொஞ்சம், அதை அழுத்தித் தள்ளும் ஹீலியம் வாயுவின் குழாய்க்குள் போய்விட்டது. அவசரத் தப்பிப்பு எஞ்சினை எரிக்கும் முன் ஹீலியம் அழுத்தம் ஏறியதும் அந்தத் திரவம் வேகமாகப் போய் டைட்டானியம் வால்வில் மோத, தீப்பிடித்தது. அந்த வால்வுக்குப் பதிலாக, அழுத்தம் ஏறும்வரை முழுக்க அடைத்து நிற்கும் உடையும் தகடு வைத்தார்கள். பிறகு எஞ்சின்களைத் தரையில் மறுபடி எரித்து, 2020 ஜனவரி 19-ல் பறக்கும்போதே தப்பிப்பதையும் சோதித்தார்கள். மே 30-ல்தான் இருவர் ஏறினார்கள்.

கேள்வி (தோவாளை வாசகர்): மலைக்கு அந்தப் பக்கம் மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில், மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யானுக்கு என்ன செய்தார்கள்?

பதில்: கடுங்குளிர்த் திரவ எரிபொருளில் ஓடும் சி.இ.20 கிரையோஜெனிக் ராக்கெட் எஞ்சினுக்கு மனிதப் பயணத் தகுதிச் சோதனை. 4 எஞ்சின்களை 39 முறை எரித்தார்கள். மொத்தம் 8,810 விநாடி. குறைந்தபட்சத் தேவை 6,350 விநாடிதான். இது மேல்நிலை எஞ்சின், காற்றில்லா உயரத்தில் பற்ற வேண்டும். அதனால் வெற்றிடத்தில் பற்றவைக்கும் சோதனை தனியாக 7 முறை நடந்தது. கடைசி 2024 பிப்ரவரி 13-ல். பாராசூட் வேலை இதில் சேராது. 2025 ஆகஸ்ட் 24-ல் மாதிரிக் கலத்தை ஹெலிகாப்டரிலிருந்து போட்டுப் பார்த்தது ஸ்ரீஹரிகோட்டா பக்கம்.