கேட்டட் கம்யூனிட்டியில நீச்சல் குளம், ஜிம், கிளப் ஹவுஸ்லாம் நிஜமாவே பயன்படுமா, இல்ல விளம்பரத்துக்குத்தானா?

பதில் சொல்லாம போக மனசு வரல. நீங்க அனேகமா பிரோஷர்ல நீலக் கலர் தண்ணியப் பாத்துட்டுதான் இதக் கேக்கறீங்கன்னு நெனைக்கறேன், நானும் அதப் பாத்துதான் வாங்கினேன், ஒன்பது வருஷமா அங்கயேதான் இருக்கேன்.

பயன்படும். ஒழுங்கா பாத்துக்க ஆள் இருந்து, அந்த ஆள் சொல்றத நாம கேட்டா.

மூணாவது வருஷம் என் பொண்ணு நீச்சல் கத்துக்கிட்டிருந்தா. தினமும் கண்ணு ரெண்டும் செவந்துபோய் வருவா, முடியெல்லாம் குளோரின் நாத்தம். குளோரின அள்ளிக் கொட்டறாங்கன்னு வாட்ஸப் குரூப்ல ஒரே சண்டை, அதுல நானும் ஒருத்தன், கடைசில அசோசியேஷன் குளோரினப் பாதியாக் குறைக்கச் சொல்லிடுச்சு. பத்து நாள் கூட ஆகல, படிக்கட்டு மூலையில பச்சையா பாசி, ஓரத்து டைல்ஸ்ல கால் வச்சா வழுக்குது, நாத்தம் மட்டும் முன்னவிட ஜாஸ்தி.

அப்பதான் குளத்தப் பாத்துக்கற அண்ணன் என்னக் கூப்பிட்டு பம்ப் ரூமக் காட்டினார். சின்னக் குழாய்ல குளத்துத் தண்ணி எடுத்து அஞ்சு சொட்டு மருந்து விட்டார், மஞ்சளும் சிவப்பும் கலந்தாப்ல வரணுமாம், எங்க தண்ணி நல்ல அடர் சிவப்பா மாறிச்சு, பிஎச் (தண்ணியோட அமில, காரத் தன்மையோட அளவு) ஏறிப்போச்சுன்னு அர்த்தம். பிஎச் 7.2-லேர்ந்து 7.8-க்குள்ள இருக்கணும் சார், 8 தாண்டிட்டா போடற குளோரின்ல கால்வாசிதான் வேலை செய்யும்னார். ஃப்ரீ குளோரின், அதாவது எதோடயும் சேராம கிருமியக் கொல்ல மிச்சமிருக்கற குளோரின், 1-லேர்ந்து 3 பிபிஎம் (பத்து லட்சத்துல இத்தன பங்குன்னு கணக்கு) வேணும், எங்க குளத்துல அரை கூட இல்ல. அந்த நாத்தம் குளோரின் அதிகமானதால வர்றதே இல்லயாம், குளிக்காம இறங்கறவங்க வேர்வையும் பசங்க தண்ணிக்குள்ளயே போற ஒண்ணுக்கும் குளோரினோட சேந்து குளோரமைன்னு ஒண்ணு ஆகுது, நாத்தமும் கண்ணெரிச்சலும் அதாலதான். ஃபில்டர்ல பிரஷர் காட்டற முள்ளும் ஏறிப்போய் கிடந்துச்சு, உள்ள அழுக்கு அடைச்சிருக்குன்னு அர்த்தம், தண்ணி வேஸ்ட்டாகுதுன்னு கமிட்டி பேக்வாஷே (ஃபில்டர்ல தண்ணியத் திருப்பி விட்டு அழுக்க வெளியேத்தறது) பண்ண விடலயாம். இதெல்லாம் அவர் ஏற்கெனவே சொல்லியிருக்கார், யாரும் காதுல வாங்கல.

நான் கூட்டத்துல எழுந்து நான் சொன்னது தப்புன்னு சொல்லி, அவர் கேட்டபடி பேக்வாஷ், பிஎச் குறைக்க ஆசிட், ஒரு ராத்திரி குளத்த மூடி ஒரே தடவயா நிறைய குளோரின் போடற ஷாக் டோஸ், குளிச்சுட்டுதான் இறங்கணும்னு ரூல், எல்லாத்தையும் கொண்டு வந்தோம். காசு கட்டற எங்களுக்கே ரூலான்னு சில பேர் இன்னைக்கும் என்னோட பேசறதில்ல. பரவால்ல, பொண்ணு கண்ணு செவக்கறது நின்னுச்சு.

வசதியா இருக்கறவங்க புலம்பல்னு சில பேர் சொல்வீங்க. இருக்கட்டும், ஆனா நீங்க குளத்துல இறங்கினாலும் இறங்காட்டியும் மெயின்டனன்ஸ் உங்ககிட்டயும் வாங்குவாங்க. அதனால வீடு பாக்கப் போறப்ப சேம்பிள் ஃப்ளாட்டுக்கு முன்னாடி பம்ப் ரூமத் திறந்து காட்டச் சொல்லுங்க. தினசரி ரீடிங் எழுதற நோட்டு இருக்கா, எப்ப கடைசியா எழுதியிருக்காங்கன்னு பாருங்க. ஜிம்ம பத்தி சொல்ல பெருசா ஒண்ணுமில்ல, ரெண்டு டிரெட்மில்ல ஒண்ணு எப்பவும் ரிப்பேர்.

கேள்விக்கு சம்பந்தமில்லதான், இருந்தாலும் சொல்லிடறேன். அந்த அண்ணன் இன்னும் பம்ப் ரூம்லதான் சாப்பிடறார். ஒரு பக்கம் குளோரின் டிரம், இன்னொரு பக்கம் ஆசிட் கேன், ரெண்டும் தப்பித்தவறி கலந்தா வர்றது விஷ வாயு. வேலை செய்யறவங்க கிளப் ஹவுஸ்ல உக்காரக்கூடாதுங்கறது எங்க ரூல், ஹவுஸ்கீப்பிங் அக்காங்களுக்கும் அதே, லிஃப்ட் கூட தனி. கெமிக்கல தனித்தனியா வைக்கணும், இவங்க சாப்பிட ஒரு ரூம் வேணும்னு ரெண்டு தடவ எழுதிக் கொடுத்தேன். முதல் தடவ ஃபண்ட் இல்லன்னாங்க, ரெண்டாவது தடவ ஒரு பிளாஸ்டிக் சேர் வாங்கி அதே பம்ப் ரூம்ல போட்டாங்க. அடுத்த கூட்டத்துக்கும் எழுதி வச்சிருக்கேன்.