பெயின்ட் உரிவதற்குப் பெயின்ட் காரணமன்று

கேள்வி: மகன் ஆசைப்பட்டான் என்று, 1/35 அளவிலான ரெசின் போர்வீரர் உருவம் ஒன்றை இணையத்தில் வாங்கிக் கொடுத்தேன். அக்ரிலிக் பெயின்ட் அடித்து இரண்டு நாள் காய வைத்த பிறகும், மூக்கிலும் தொப்பி விளிம்பிலும் விரல் பட்டால் தோல்போல உரிந்து வருகிறது. மலிவான பெயின்ட்தான் காரணம், தம்மிடம் உள்ள வெளிநாட்டு பெயின்ட் தொகுப்பை வாங்குங்கள் என்கிறார் விற்றவர். வாங்கலாமா? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: வாங்க வேண்டாம். அதே உருவத்தின் மேல் எந்த நாட்டுப் பெயின்ட்டை அடித்தாலும் அது அப்படியேதான் உரியும். ரெசின் என்பது ஊற்றியபின் கெட்டியாக இறுகும் திரவம்; அதைச் சிலிகான் ரப்பர் அச்சில் ஊற்றித்தான் இந்த உருவங்களை வார்க்கிறார்கள். இட்லி தட்டில் எண்ணெய் தடவுவதைப்போல, வார்ப்பு ஒட்டாமல் வெளியே வருவதற்காக அச்சின் உட்புறத்தில் ஒரு வழுக்குப் பொருளைத் தெளிப்பார்கள். அந்தப் படலம் உருவத்தின் மேல் தங்கிவிடுகிறது. உங்கள் மகனின் பெயின்ட் ரெசினைத் தொடவே இல்லை. அந்தப் படலத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

முதலில் இருக்கும் பெயின்ட்டை நீக்குங்கள். ஹார்டுவேர் கடையில் கேட்டால் யோசிக்காமல் என்.சி. தின்னர் என்ற காட்டமான கரைப்பானை எடுத்துக் கொடுப்பார்கள், அதைத் தொடாதீர்கள். பிளாஸ்டிக் உருவமாக இருந்தால் அது பெயின்ட்டோடு முகத்தையும் கரைத்துவிடும். என்னுடைய முதல் வீரரை அப்படித்தான் மூக்கில்லாதவராக்கினேன். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அரைமணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் மெல்லத் தேய்த்தால் போதும். இதை அடுப்படியில் செய்யக்கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். தேய்க்கும்போது கையோ துப்பாக்கியோ கழன்று வந்தால் பதற்றம் வேண்டாம். சூப்பர் குளூ போட்டு ஒட்டிவிடலாம்; பிளாஸ்டிக் மாடலுக்கான பசை ரெசினில் பிடிக்காது.

பிறகு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில், கழுத்துப்பட்டையின் அடியும் முழங்கால் மடிப்புகளும் விடுபடாதபடி தேய்த்துக் கழுவி, ஓர் இரவு முழுவதும் காயவிடுங்கள். காய்ந்தபின் அதை வெறுங்கையால் தொடக்கூடாது, ஏனெனில் விரலின் எண்ணெய்ப்பசையும் அந்தப் படலத்தின் வேலையையே செய்யும். காலி மருந்துக் குப்பியின் மூடிமேல் உருவத்தை ஒட்டி, குப்பியைப் பிடித்துக்கொண்டே மற்ற வேலைகளைச் செய்யலாம். அடுத்து, பெயின்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சாக, சாம்பல்நிற பிரைமர் ஸ்ப்ரே மெல்லியதாக ஒரு பூச்சு. ஒரு சாண் தொலைவிலிருந்து தெளியுங்கள். மழை நாளில் தெளித்தால் காற்றின் ஈரத்தால் வெளிறிப்போகும்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இதில் பலர் குழம்புகிறார்கள். புட்டியில் அக்ரிலிக் என்று போட்டிருந்தாலும் எல்லா அக்ரிலிக்கும் ஒன்றன்று. வலேஹோ போன்ற நிறுவனங்களின் மாடல் பெயின்ட்டுகள் நீரில் கரைத்தவை. டமியா என்ற இன்னொரு நிறுவனத்தின் அக்ரிலிக்கில் ஆல்கஹால் வகைக் கரைப்பான் இருக்கிறது. அதை பிரஷால் அடித்து, நன்கு காயும் முன் இரண்டாவது பூச்சு கொடுத்தால், மேல்பூச்சு கீழ்ப்பூச்சைக் கரைத்து இழுத்துக்கொண்டு வரும். பார்ப்பவருக்கு இதுவும் உரிவதுபோலத்தான் தெரியும். ஆனால் காய்ந்தபின் நகம் பட்டுத் தோலாக உரிந்தால் குற்றம் படலத்தினுடையது. அடித்துக்கொண்டிருக்கும்போதே பிரஷோடு சேறுபோல இழுபட்டு வந்தால் குற்றம் பெயின்ட்டினுடையது. இரண்டாவது வகைக்கு உருவத்தை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை. ஒரு நாள் முழுவதும் காயவிட்டு, அந்தப் பெயின்ட்டுக்கென்று விற்கும் தின்னரில் நீர்த்து, அடித்த இடத்திலேயே திரும்ப அடிக்காமல் ஒரே திசையில் இழுக்க வேண்டும். நீங்கள் விவரிப்பது ஐயமின்றி முதல் வகை.

இனி, விற்றவரைப் பற்றி. அந்த உருவம் பெட்டியில்லாமல் ஜிப் பையில் வந்ததா? தயாரிப்பாளர் பெயர் எங்கும் இல்லையா? பொத்தான்கள் மழுங்கி, முதுகில் குண்டூசி முனை அளவில் குமிழ்த் துளைகள் தெரிகின்றனவா? அப்படியானால் அது மறுவார்ப்பு. ஒரு சிற்பி மாதக்கணக்கில் செதுக்கிய உருவத்தில் ஒன்றை வாங்கி, அதன்மேல் ரப்பர் ஊற்றி அச்செடுத்து, அச்சு நையும்வரை வார்த்துத் தள்ளுகிறார்கள். நைந்த அச்சிலிருந்து வார்ப்பை எடுக்க வழுக்குப் பொருளை இன்னும் தாராளமாகத் தெளிக்கிறார்கள். அதனால் விளையும் கோளாறுக்கு பெயின்ட் தொகுப்பை மருந்தாக விற்பவரும் அவரே. அந்தத் தொகுப்புகளில் சில, பெரிய புட்டியிலிருந்து பெயரில்லாத குப்பிகளில் ஊற்றிப் பிரித்தவை. அது எந்த வகை அக்ரிலிக் என்றுகூட உங்களால் அறிய முடியாது. விளம்பரத்தில் இருந்த படமும் மூல உருவத்துக்குக் கைதேர்ந்த ஒருவர் பெயின்ட் அடித்தது. உங்களுக்கு வந்த பொருளின் படமன்று.

ஆனால் இந்த வியாபாரம் தழைப்பதற்கு அரசின் பங்கும் உண்டு. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. சுங்க அட்டவணையில் சிறிய அளவு மாடல்களும் கிலுகிலுப்பை, மூன்று சக்கர வண்டி ஆகியவற்றோடு ஒரே தலைப்பில்தான் இருக்கின்றன. நேர்மையாக மூல உருவத்தை வரவழைப்பவர் வரியும் கட்டி, பார்சலுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க, மறுவார்ப்புக்காரர் மூன்றே நாளில் கூரியரில் அனுப்பிவிடுகிறார்.  

ஏற்கெனவே வாங்கிவிட்ட உருவத்தை எறிய வேண்டாம். பழகுவதற்கு அது நல்லது. 1/35இல் ஆள் ஐந்து சென்டிமீட்டர்தான் என்பதால், கெட்டியான ஒரே பூச்சு கண்ணையும் உதட்டையும் மூடிவிடும். இப்போது வைத்திருக்கும் பெயின்ட்டையே பால் பதத்துக்கு நீர்த்து, திட்டுத்திட்டாகத் தெரியும் முதல் பூச்சைப் பொருட்படுத்தாமல், அது காய்ந்தபின் அடுத்ததைக் கொடுக்கச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்தபின் பளபளக்காத மேட் வார்னிஷ் ஒரு பூச்சு அடித்து ஒரு நாள் கழித்து, தொப்பி விளிம்பை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். அங்கே பிடித்திருந்தால் மூக்கிலும் பிடித்திருக்கும்.